மீன்சுருட்டி டு மீனம்பாக்கம்: ஃபிளைட்டைத் தவறவிடாமல் போவது எப்படி?

அரியலூர் மாவட்டம் மீன்சுருட்டியில் இரண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சந்திக்கின்றன. ஒன்றில் போனால் விக்கிரவாண்டி வழியாகச் சென்னை. இன்னொன்றில் ஜெயங்கொண்டம் வழியாகத் திருச்சி. வெளிநாடு போகிறவர்கள் டிக்கெட் போடும் முன்பே இதை யோசிப்பது நல்லது.

சென்னையா, திருச்சியா?

சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய், கொழும்பு என்றால் முதலில் திருச்சியைப் பாருங்கள். சுமார் 100 கி.மீ.தான். புதிய டெர்மினல் 2024 ஜூனில் பயன்பாட்டுக்கு வந்தது. சென்னை 200 கி.மீ.க்கும் மேல், டிக்கெட் விலை குறைவு என்றாலும் பயணச் செலவையும் கூட்டிப் பாருங்கள்.

சென்னைதான் என்றால்?

கும்பகோணத்திலிருந்து அணைக்கரை, மீன்சுருட்டி வழியாக வரும் சென்னை பஸ்கள் இப்போது கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடும். முன்பு கோயம்பேடு பஸ்ஸில் ஏறி வழியிலேயே ஏர்போர்ட் வாசலில் இறங்கியவர்கள், இதை மறந்துவிட்டுத்தான் நேரத்தைக் கோட்டை விடுகிறார்கள். கிளாம்பாக்கத்திலிருந்து ஏர்போர்ட் சுமார் 15 கி.மீ. பகலில் மாநகரப் பேருந்து உண்டு. நள்ளிரவில் மின்சார ரயில் இருக்காது. ஆட்டோ, கேப்தான் கைகொடுக்கும்.

எத்தனை மணிக்குக் கிளம்பணும்?

பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். காலை 6 மணிக்கு வெளிநாட்டு விமானம் என்றால் 3 மணிக்கு உள்ளே இருக்கணும். கிளாம்பாக்கத்தில் மாறுவதற்கு 1 மணி நேரம், பஸ்ஸுக்கு 6 மணி நேரம். ஆக, முந்தைய நாள் இரவு 8 மணிக்குள் பஸ் ஏறிவிடணும். செக்-இன் கவுன்ட்டரை விமானம் புறப்பட 1 மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள். அப்புறம் கெஞ்சினாலும் நடக்காது.

எந்த டெர்மினல்?

வெளிநாட்டுக்கு டி2. உள்நாட்டுக்கு டி1, டி4. டிக்கெட்டில் பார்த்துவிட்டு டிரைவரிடம் சொல்லுங்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்கணும். செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது.

வேலைக்குப் போகிறவர்கள் கவனிக்க...

10-ம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாக 'இ.சி.ஆர்.' என்று இருக்கும். அப்படி இருந்தால் சவுதி, குவைத், அமீரகம், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் 'இ-மைகிரேட்' தளம் வழியாக அனுமதி வாங்க வேண்டும். ஏஜென்ட் "அங்கே பார்த்துக்கலாம்" என்றால் நம்பாதீர்கள். இமிகிரேஷனில் நிறுத்திவிட்டால், கடன் வாங்கிப் போட்ட டிக்கெட் காசும் போகும், வேலையும் போகும்.