எச்சமாய் நின்ற ஊர்தி

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் இறுதி இயலுக்கு எச்சவியல் என்பது பெயர். முன்னைய இயல்களிற் கூறாது எஞ்சியவற்றைத் தொகுத்துக் கூறுதலின் அப்பெயர் பெற்றது என்பர். போருக்கும் ஓர் எச்சவியல் உண்டு. வெற்றி தோல்விகளை வரலாற்றாசிரியர் எழுதி முடித்த பின்னர், எஞ்சிக் கிடந்த இரும்பை யார் வாங்கினார், எதற்காக வாங்கினார் என்று ஆராய்வதே அவ்வியல். இராணுவ மிகைப்பொருளாய் விலைப்பட்ட ஜீப் வண்டியை அதன் முதற் சூத்திரம் எனலாம்.

1940 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அமெரிக்க இராணுவம், நான்கு சில்லுகளும் உந்தும் இலேசான வண்டியொன்று வேண்டுமெனக் கேட்டது. கார்ல் புரோப்ஸ்ட் என்னும் பொறியியலாளர் வரைந்த வண்டியைப் பான்ரம் என்ற சிறிய கம்பனி அவ்வாண்டு செப்ரெம்பர் 23 இல் ஒப்படைத்தது. பெருந்தொகையாகச் செய்யும் வேலையோ வில்லிஸ், போர்ட் என்னும் கம்பனிகளுக்குச் சென்றது. போர் முடிவதற்குள் அவை செய்தவை ஆறு இலட்சத்துக்கு மேற்படும். ‘ஜீப்’ என்பது காரணப் பெயரா இடுகுறிப் பெயரா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. ‘பொதுப் பயன்’ என்பதன் ஆங்கில முதலெழுத்துக்கள் மருவின என்பார் ஒரு சாரார். 1936 இல் ‘பொப்பாய்’ சித்திரக்கதையிற் புகுந்த ஜீப் என்னும் விசித்திர விலங்கின் பெயர் என்பார் மற்றொரு சாரார்.

போர் ஓய்ந்ததும் இவ்வண்டிகள் உலகெங்கும் மிகைப்பொருளாயின. பிலிப்பைன்ஸ் மக்கள் அவற்றை நீட்டிக் கூரை வேய்ந்து ‘ஜீப்னி’ என்னும் பயணிகள் வண்டியாக்கினர். வேல்ஸ் நாட்டு ஆங்கிள்சீத் தீவிற் பண்ணை வைத்திருந்த மோறிஸ் வில்க்ஸ் என்பார் மிகைப்பொருளான ஒரு ஜீப்பை வைத்திருந்தார். அதுபோல் ஒன்றைத் தம் றோவர் கம்பனியே செய்தாலென்ன என்று அவர் எண்ணியதன் பயனே, 1948 இல் வெளிவந்த லான்ட் றோவர். அதன் முதல் மாதிரி வண்டி ஜீப்பின் அடிச்சட்டத்தின் மேலேயே கட்டப்பட்டது. நம் நாட்டிலும், 1942 ஏப்பிரில் 5 இல் யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கிய பின்னரும், 1944 இல் மவுண்ட்பேட்டனின் தலைமையகம் பேராதனைக்கு வந்த பின்னரும், இராணுவ வாகனங்கள் மலிந்தன. வீதியின் இடப்புறம் செல்லும் இந்நாட்டிற் சுக்கானும் இடப்புறமே அமைந்த பழைய ஜீப்பைக் காண்போர், அது வந்த வழியை ஒருவாறு ஊகிக்கலாம்.

இவ்வளவும் நான் அறிய நேர்ந்தது ஆராய்ச்சி ஆர்வத்தாலன்று. நண்பர் ஒருவரின் துயரத்தால். கணித ஆசிரியரான அவர் ஓய்வு பெறும் தறுவாயில் இருந்தார். வன்னியில் அவருக்குச் சிறிது வயல் உண்டு. அவருடைய தந்தையார் முன்னர் ஒரு பழைய ஜீப் வைத்திருந்தார். 2009 இல் இடம்பெயர்ந்தபோது அதை வழியில் விட்டுவிட்டு நடந்தார்கள். தந்தையார் மறைந்துவிட்டார். நண்பரோ வெளிநாட்டிலிருந்து மிகைப்பொருள் ஜீப் ஒன்றை இறக்குமதி செய்து வயலுக்குக் கொண்டுபோக எண்ணி, முகவர் ஒருவருக்கு முற்பணமும் கொடுத்துவிட்டார். அதன் பின்னரே தெஹிவளையில் என் வீட்டுக்கு வந்தார்.

“பண்டிதர், ஏடு பார்க்கிற கண்ணாலை இந்தக் கடிதத்தையும் ஒருக்காப் பாருங்கோ” என்றார்.

‘1944 இற் செய்தது, பெட்டியிற் பிரிக்காதது’ என்றிருந்தது கடிதம். உடன் இரு படங்கள். வண்டியைப் பற்றி ஒன்றும் அறியாத நான், காலி வீதிக்கு அண்மையில் உள்ள கராஜ் ஒன்றுக்கு அவரை அழைத்துச் சென்றேன். அங்கிருந்த முதிய மெக்கானிக் படத்தைப் பார்த்தார்.

“மாஸ்டர், முன் கிறில்லிலை எத்தனை துவாரம் எண்டு எண்ணுங்கோ.”

ஏழு என்றார் நண்பர்.

“சண்டைக்காலத்து வண்டிக்கு ஒன்பது இருக்கவேணும். ஏழு துவாரம் சண்டைக்குப் பிறகு வந்த சிவில் வண்டிக்கு. பின்னுக்குத் திறக்கிற பலகையும் கிடக்குது. ஆமி ஜீப்புக்கு அது இல்லை. அடிச்சட்டத்தின்ரை முன் குறுக்குச்சட்டம் உருண்டைக் குழாய் எண்டால் வில்லிஸ்; கவிழ்த்த பீலி மாதிரியெண்டால் போர்ட். இந்தப் படத்திலை அதைக் காட்டவேயில்லை.”

பாடபேதம் நோக்குவதும் இடைச்செருகல் காண்பதும் எங்கள் தொழில் என்று இறுமாந்திருந்தேன். என்னினும் சிறந்த பதிப்பாசிரியர் ஒருவர் எண்ணெய்க் கறைபடிந்த கையோடு என் எதிரே நின்றார். பெட்டியிற் பிரிக்காத ஜீப் என்பதும் பழைய கதையே. ஐம்பது டொலருக்கு அப்படியொன்று கிடைக்கும் என்று போருக்குப் பின் அமெரிக்காவில் விளம்பரங்கள் வந்தன. நம்பிப் பணம் அனுப்பியோருக்குப் பெரும்பாலும் கிடைத்தது மிகைப்பொருள் ஏலங்களைப் பற்றிய சிறு கைந்நூல்தான்.

பின்னர் இறக்குமதி விதிகளை வாசித்தோம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியிலே தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறந்துவிடப்பட்டது. ஆயினும் பாவித்த வாகனத்தின் வயதுக்கு எல்லையுண்டு; அவ்வெல்லை சில ஆண்டுகளே. எண்பது ஆண்டு கண்ட வண்டி அவ்வாயிலால் எங்ஙனம் நுழையும்? நாணயக் கடிதம் திறப்பதற்கு முன் இந்த ஒரு விதியை வாசித்திருந்தால் முற்பணமேனும் தப்பியிருக்கும். முகவர் அதன்பின் தொலைபேசியை எடுக்கவில்லை.

திரும்பும் வழியில் நண்பர் நெடுநேரம் பேசவில்லை. வெள்ளவத்தையில் தேநீர் அருந்தும்போது, “ஐயா ஜீப்பை விட்டிட்டு நடக்கேக்கை திறப்பை மட்டும் மடியிலை கட்டிக்கொண்டு வந்தவர்” என்றார். அந்தத் திறப்பு இன்றும் அவர் மேசையில் இருக்கின்றது. அதற்குப் பொருந்தும் வண்டியை எந்த ஏலத்திலும் எவரும் விற்கவில்லை.

அவ்வாண்டுப் பெரும்போகத்துக்கு அவர் வாங்கியது இரண்டு சில்லு லான்ட்மாஸ்ரர் ஒன்று. வயலுக்கு அது போதும் என்கிறார். எச்சம் என்ற சொல்லுக்கு எஞ்சிய பொருள் என்பது ஒரு பொருள். பிள்ளை என்பது மற்றொரு பொருள். இரண்டாவது பொருளை அவரே தம் வயலில் நின்று விளக்கிக் கொண்டிருக்கிறார்.