முதிய நாயின் மூட்டு வலி

வயதேறிய நாய் எழும்போது முன்னங்கால்களை ஊன்றி உடலை இழுப்பதும், பின்னங்கால்கள் டைல்ஸ் தரையில் வழுக்க, சில அடிகள் விறைப்பாக நடந்த பிறகே இயல்புக்கு வருவதும் வெறும் முதுமைச் சோர்வு அன்று. எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பு தேய்ந்து, மூட்டைச் சூழ்ந்த சவ்வு அழற்சியுறும் மூட்டுத் தேய்வு நோயின் அறிகுறியாகவே அது பெரும்பாலும் அமைகிறது. வலியிலும் நாய் குரல் எழுப்புவது அரிது என்பதால், படியேறத் தயங்குவதையும் ஒரே மூட்டை ஓயாமல் நக்குவதையும் கவனிக்க வேண்டும்.

சிகிச்சையில் முதலிடம் பெறத்தக்கது எடைக் கட்டுப்பாடே. 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 48 லாப்ரடார் நாய்களில் பாதிக்குக் குட்டிப் பருவம் முதலே 25 விழுக்காடு குறைவான உணவு அளிக்கப்பட்டபோது, அவை ஏறத்தாழ 2 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்ததோடு, அவற்றுக்கு மூட்டு நோய்க்கான சிகிச்சையும் காலம் தாழ்ந்தே தேவைப்பட்டது. பாசத்தால் கூடுதலாக இடப்படும் ஒவ்வொரு பிடிச் சோறும் அந்த நலிந்த இடுப்பின் மீதே சுமையாக ஏறுகிறது.

நடையை அறவே நிறுத்தினால் தசை மெலிந்து மூட்டு தாங்கலை இழக்கும். ஆதலால் நாளுக்கு இரண்டு மூன்று முறை சிறு நடையும், வழுக்காத ரப்பர் விரிப்பும், தடித்த படுக்கையும் தேவை.

மனிதர்களுக்கான இபுபுரூஃபன் மாத்திரையை நாய்க்குக் கொடுப்பது கொடிய தவறு. அது இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் சிதைக்கும். நாய்களுக்கென உள்ள கார்ப்ரோஃபென் போன்ற அழற்சி நீக்கி மருந்துகளைக்கூட, இரத்தப் பரிசோதனையில் கல்லீரல், சிறுநீரக நிலையை அறிந்த பிறகு கால்நடை மருத்துவரே அளவு குறித்துத் தர வேண்டும்.