புழுங்கல் அரிசியும் உடல்நலமும்

புழுங்கல் அரிசி என்பது நெல்லை உமியோடு நீரில் ஊறவைத்து, அவித்து, உலர்த்திய பின் குத்தி எடுக்கப்படும் அரிசியாகும். அவிக்காமல் உலர்த்தி மட்டும் குத்தப்படுவது பச்சரிசி. தமிழ்நாடு, கேரளம், இலங்கை, வங்காளம் ஆகிய பகுதிகளில் அன்றாடச் சோற்றுக்குப் புழுங்கல் அரிசி பெரிதும் பயன்படுகிறது. இட்லிக்கும் அதுவே ஏற்றது. பொங்கல், கொழுக்கட்டை, அதிரசம், கோயில் படையல் போன்றவற்றுக்குப் பச்சரிசி.

இரண்டும் ஒரே வயலில் விளைந்த ஒரே நெல்லாக இருக்கலாம். ஆனால் ஆலையில் தீட்டிய பிறகு அவற்றின் சத்து ஒன்றாக இருப்பதில்லை. 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் தயமின் எனப்படும் உயிர்ச்சத்து பி1 ஏறக்குறைய 0.06 மில்லிகிராம் உள்ளது. தீட்டிய புழுங்கல் அரிசியில் ஏறக்குறைய 0.2 மில்லிகிராம். பார்வைக்கு மிகச் சிறிய இந்த வேறுபாடுதான், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சோற்றையே முழு உணவாகக் கொண்டிருந்த ஏழைத் தொழிலாளர்களில் யார் பிழைப்பார், யார் சாவார் என்பதைத் தீர்மானித்தது.

நெல் அவித்தல்

வீட்டு முறையில் நெல்லை ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் பெரிய அண்டாவில் சிறிதளவு நீருடன் அடுப்பேற்றுவர். ஆவி மேலே வந்து உமி வாய் பிளக்கத் தொடங்கும்போது இறக்கிக் களத்தில் பரப்புவர். காலால் துழாவித் துழாவி ஒரே சீராகக் காயவைப்பது இதில் கடினமான பகுதி. அதிகம் காய்ந்தால் அரிசி நொறுங்கும். ஈரம் இருந்தால் பூசணம் பிடிக்கும். ஒரு நெல்லை உரித்துப் பல்லால் கடித்துப் பார்த்தே பதம் சொல்லுவார்கள்.

ஆலைகளில் நெடுங்காலம் சிமெண்டுத் தொட்டிகளில் இரண்டு மூன்று நாள் குளிர்ந்த நீரில் ஊறவைக்கும் முறை இருந்தது. அந்த நீர் புளித்துப்போவதால் அரிசியில் ஒரு வாடை தங்கிவிடும். புழுங்கல் அரிசியைப் பலர் விரும்பாததற்கு இந்த வாடையே காரணம். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் 1950களில் உருவாக்கிய வெந்நீர் ஊறல் முறை இதை மாற்றியது. ஏறத்தாழ 70 பாகை செல்சியசு வெப்பமுள்ள நீரில் மூன்று நான்கு மணி நேரத்தில் நெல் ஊறிவிடுகிறது. புளிப்பதற்கு நேரமே இல்லை.

நெல்லை அவிக்கும் வழக்கத்தை முன்னோர் உயிர்ச்சத்துக்காகக் கண்டுபிடித்தனர் என்று சிலர் எழுதுவதுண்டு. அதற்குச் சான்று எதுவும் இல்லை. அவித்த நெல்லில் உமி எளிதாகக் கழலும், உலக்கை படும்போது நொய் குறைவாக விழும், அரிசியை வண்டு எளிதில் துளைப்பதில்லை. வேலை செய்தவர்களுக்கு இவையே போதுமான காரணங்கள். உடல்நலம் அதனோடு கூடவே வந்தது.

நெல்லுக்குள் நிகழ்வது

நெல்லின் வெளிப்புறம் உமி. அதனுள் மெல்லிய தவிட்டுப் படலம், ஒரு முனையில் முளை, நடுவில் வெண்மையான மாவுப்பகுதி. தயமின், நியாசின் போன்ற உயிர்ச்சத்துகளும் தாது உப்புகளும் பெரும்பாலும் தவிட்டிலும் முளையிலும் உள்ளன. மாவுப்பகுதியில் அவை மிகக் குறைவு. ஆலை அரிசியைத் தீட்டும்போது தவிடும் முளையும் சேர்ந்தே போய்விடுகின்றன. எனவே வெள்ளை வெளேரென்ற பச்சரிசி பெரும்பாலும் மாவுச்சத்து மட்டுமே.

நெல்லை ஊறவைக்கும்போது நீரில் கரையும் உயிர்ச்சத்துகள் தவிட்டிலிருந்து உள்நோக்கி நகர்கின்றன. பின்னர் அவிக்கும்போது மாவு மணிகள் கூழாகி, ஆறியதும் கண்ணாடி போல இறுகுகின்றன. உள்ளே வந்த சத்து அங்கேயே பிடிபட்டுக்கொள்கிறது. பிறகு தவிட்டை நீக்கினாலும் அதன் ஒரு பங்கு அரிசியில் எஞ்சுகிறது. புழுங்கல் அரிசியின் மங்கலான மஞ்சள் சாயலும் கடினத்தன்மையும் இந்த மாற்றத்தின் அடையாளங்கள். வெப்பத்தால் தயமின் சிறிது அழியவும் செய்கிறது. ஆயினும் கணக்கில் மிஞ்சுவது ஆதாயமே.

எல்லாச் சத்தும் இப்படி நகர்வதில்லை. நார்ச்சத்து தவிட்டோடு போய்விடும். இந்த வகையில் தீட்டாத அரிசியின் இடத்தைப் புழுங்கல் அரிசி பிடிக்க முடியாது. கைக்குத்தல் அரிசியில், அது பச்சையோ புழுங்கலோ, தவிட்டின் ஒரு பகுதி ஒட்டியிருப்பதால் தயமின் ஓரளவு காக்கப்படுகிறது. இழப்பு மிகுவது பச்சை நெல்லும் நவீன ஆலையும் ஒன்றுசேரும் இடத்தில்தான்.

பெரிபெரியும் மலாயாவின் மூன்று வகை அரிசியும்

உடலானது மாவுச்சத்தை ஆற்றலாக மாற்றத் தயமின் தேவை. சோறு அதிகம் உண்பவருக்கு அதன் தேவையும் அதிகம். உடலில் இருப்பாக உள்ளது ஏறத்தாழ 25 முதல் 30 மில்லிகிராம் மட்டுமே. உணவில் வரத்து நின்றால் சில வாரங்களில் அது தீர்ந்துவிடும். முதலில் கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். சிலருக்குக் கால் வீங்கி, மூச்சு வாங்கி, இதயம் செயலிழக்கும். இந்நோயே பெரிபெரி. இப்பெயர் சிங்கள மொழியிலிருந்து வந்ததாகப் பொதுவாகக் கூறப்படுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவி ஆலைகள் பரவிய பின் கிழக்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் இந்நோய் பெருகியது. கிருமி, ஈரக்காற்று, அழுக்கான குடியிருப்பு எனப் பலவும் காரணமாகச் சொல்லப்பட்டன. சாவகத்தின் பத்தாவியாவில் இடச்சு மருத்துவர் கிறித்தியான் எய்க்மான், தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்கு அதே போன்ற நரம்பு நோய் வருவதை 1890களில் கண்டார். அரிசியில் ஒரு நஞ்சு இருப்பதாகவே அவர் முதலில் எண்ணினார். தவிட்டில் உள்ள ஏதோ ஒன்று இல்லாமற் போவதே நோய்க்குக் காரணம் என்று 1901இல் விளக்கியவர் அவருக்குப் பின் வந்த கெரிட் கிரெயின்சு.

மனிதர்களிடத்தில் இது தெளிவாகத் தெரிந்த இடம் மலாயா. அங்கே மூன்று இனத்தவர் மூன்று விதமான அரிசி உண்டனர். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர்கள் சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசி உண்டனர். பெரிபெரி அவர்களைக் கொத்துக்கொத்தாகக் கொன்றது. ஊர்ப்புற மலாயர்கள் தம் நெல்லை வீட்டிலேயே குத்தி உண்டனர். தோட்டங்களிலும் சாலை, இருப்புப்பாதைப் பணிகளிலும் இருந்த தமிழ்த் தொழிலாளர்கள் இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசியை உண்டனர். இவ்விரு பிரிவினரிடையே இந்நோய் அரிதாகவே இருந்தது. தமிழர்களின் குடியிருப்போ கூலியோ சீனர்களுடையதைவிட மேலானதாக இல்லை என்பதால் இந்த வேறுபாடு கவனத்தை ஈர்த்தது. மருத்துவர் பிராடன் 1907இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாகப் பதிவு செய்தார். ஆனால் பச்சரிசி கெட்டுப்போவதால் உண்டாகும் நஞ்சே காரணம் என்பது அவருடைய கருத்து. கண்டது சரி, விளக்கம்தான் பிழை.

கோலாலம்பூர் மனநோயாளர் காப்பகத்தில் வில்லியம் பிளெட்சர் செய்த சோதனை இன்னும் நேரடியானது. 1905இல் அங்குப் பெரிபெரி பரவியிருந்தது. நோயாளிகளை வரிசையாக எண்ணச்செய்து, ஒற்றைப்படை எண்காரர்களை ஒரு கூடத்திலும் இரட்டைப்படை எண்காரர்களை இன்னொரு கூடத்திலும் அவர் தங்கவைத்தார். முதல் பிரிவினருக்கு வழக்கமான சயாம் பச்சரிசி, இரண்டாம் பிரிவினருக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. மற்ற உணவு ஒன்றே. நோய் இடத்தைப் பொறுத்ததா எனப் பார்க்க நடுவில் கூடங்களையும் மாற்றினார். நோய் கூடத்தில் தங்கவில்லை; பச்சரிசி உண்டவர்களோடு சென்றது. அவர்களில் பலர் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்டவர்களில் பெரிபெரியால் ஒருவரும் இறக்கவில்லை. நோயைத் தரக்கூடியது எனச் சந்தேகிக்கப்பட்ட உணவை, சம்மதம் சொல்ல இயலாதவர்களுக்குத் தொடர்ந்து கொடுத்த இச்சோதனையை இன்றைய மருத்துவ அறம் ஏற்காது.

அடுத்து பிரேசர், இசுடாண்டன் ஆகிய இருவரும் நெகிரி செம்பிலானில் சாலை அமைத்த ஏறத்தாழ 300 சாவகத் தொழிலாளர்களிடம் இதே முடிவைக் கண்டனர். தவிட்டைத் திரும்பக் கொடுத்தால் கோழிகள் நோயிலிருந்து தப்புவதையும் காட்டினர். 1912இல் காசிமிர் பங்கு இத்தகைய பொருள்களுக்கு 'வைட்டமின்' என்ற பெயரை முன்வைத்தார். தவிட்டிலிருந்து தயமின் 1926இல் பிரித்தெடுக்கப்பட்டது. 1936இல் ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்கப்பட்டது.

சென்னை மாகாணத்திலும் இதே படம் இருந்தது. பச்சரிசி உண்ட வடசர்க்கார் மாவட்டங்களில், அதாவது இன்றைய கடலோர ஆந்திரத்தில், பெரிபெரி நிலைத்திருந்தது. புழுங்கல் அரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அது அரிது. இராபர்ட்டு மெக்காரிசன் 1918இல் குன்னூர் பாசுடர் நிறுவனத்தின் ஓர் அறையில் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். அந்த ஓரறை ஆய்வகமே வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு இடம் மாறி, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது.

களைவதிலும் வடிப்பதிலும் போவது

அரிசியில் தயமின் இருப்பது ஒன்று. அது தட்டுக்கு வந்து சேர்வது வேறொன்று. தயமின் நீரில் கரையும். தீட்டிய பச்சரிசியை நன்றாகத் தேய்த்துக் களைந்தால், இருப்பதில் ஏறத்தாழ பாதி வரை நீரோடு போய்விடும். புழுங்கல் அரிசியில் சத்து உள்ளே இறுகியிருப்பதால் இந்த இழப்பு மிகவும் குறைவு. பின்னர் நிறைய நீரில் வேகவைத்து வடிக்கும்போது இன்னொரு பங்கு கஞ்சியில் இறங்கும். களைந்த நீர் மாட்டுத் தொட்டிக்குப் போன வீடுகளில், தயமின் கணக்கில் மாடு வீட்டாரைவிட நன்றாகவே சாப்பிட்டது எனலாம். வடித்த கஞ்சியில் உப்பிட்டுக் குடிக்கும் வழக்கம் இருந்த வீடுகளில் அந்தப் பங்காவது திரும்பக் கிடைத்தது. தூசி போக ஓரிரு முறை களைவது போதும். தேவையான அளவு நீர் மட்டும் ஊற்றிக் குக்கரில் வைத்தால் வடிக்கும் இழப்பு இல்லை.

ஒருவர் நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி உண்பதாகக் கொண்டால், களையும் இழப்பைக் கழிக்காமலே, பச்சரிசியில் 0.24 மில்லிகிராம் தயமின் கிடைக்கும். புழுங்கல் அரிசியில் 0.8 மில்லிகிராம். வளர்ந்தவரின் தேவை நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல். எஞ்சியதைப் பருப்பு, உளுந்து, பயறு, நிலக்கடலை ஆகியவை எளிதாக நிரப்பிவிடும். பச்சரிசியே உண்ணும் வீடுகளிலும் சாம்பாரும் சுண்டலும் தவறாமல் இருந்தால் கவலைக்கு இடமில்லை. ரசமும் ஊறுகாயும் மட்டும் தொட்டுக்கொண்டு பச்சரிசிச் சோறு நாளும் உண்பதே ஆபத்தானது. உணவோடு சேர்த்துத் தேநீர் குடிப்பதும் வெற்றிலை பாக்கு மெல்லுவதும் உடல் தயமினைப் பயன்படுத்துவதைக் குறைக்கும்.

நீரிழிவு நோயாளிகளுக்கு

புழுங்கல் அரிசி சர்க்கரையை ஏற்றாது என்று கடைகளில் சொல்லப்படுவது மிகைப்பேச்சு. அவித்து இறுகிய மாவு சற்று மெதுவாகச் செரிப்பதால், ஒரே நெல்லின் பச்சரிசியைவிடப் புழுங்கல் அரிசி இரத்தச் சர்க்கரையைப் பொதுவாகக் குறைவான வேகத்தில் ஏற்றுகிறது. ஆனால் நெல்லின் இனம், அவித்த விதம், தீட்டிய அளவு, சோற்றின் குழைவு ஆகியவற்றால் இது பெரிதும் மாறும். ஒரு தட்டுக்குப் பதில் இரண்டு தட்டு உண்டால் அந்த நன்மை மறைந்துவிடும். அளவைக் குறைத்து, காய்கறியையும் பருப்பையும் கூட்டுவதே இங்கு முதன்மையானது.

இரும்புச்சத்துக்கும் உயிர்ச்சத்து ஏ-வுக்கும் எந்த வெள்ளை அரிசியையும் நம்ப முடியாது. செறிவூட்டிய அரிசியில் இரும்பு, போலிக் அமிலம், உயிர்ச்சத்து பி12 ஆகியவை சேர்க்கப்படுகின்றன.

இன்றைய நிலை

உணவில் பலவகை கூடியதால் பெரிபெரி பெரும்பாலும் பாடநூலுக்குள் போய்விட்டது. ஆனாலும் முற்றிலும் மறையவில்லை. மிகுதியாக மது அருந்துவோர், கருவுற்ற காலத்தில் கடும் வாந்தியால் வாரக்கணக்கில் உண்ண இயலாதோர் ஆகியோரிடம் தயமின் குறைபாடு இன்றும் காணப்படுகிறது. லாவோசு, கம்போடியா, காசுமீர் ஆகிய இடங்களில் கைக்குழந்தைகளுக்கு வரும் பெரிபெரி அண்மைக் காலத்திலும் பதிவாகியுள்ளது. லாவோசில் பிள்ளை பெற்ற தாய்மார் பத்தியம் என்ற பெயரில் பல உணவுகளை விலக்கி, தீட்டிய அரிசிச் சோற்றையே பெரிதும் உண்பது இதற்கு முக்கியக் காரணம். தாயின் உடலில் தயமின் குறைந்தால் தாய்ப்பாலிலும் குறையும். குழந்தைக்கு இரண்டு மூன்று மாதம் ஆகும்போது அழுகுரல் கம்மி, பால் குடிக்க மறுத்து, மூச்சுத் திணறி, ஒரே நாளில் இறக்கவும் கூடும். மருத்துவர் காரணத்தை உடனே கண்டு தயமின் ஊசி போட்டால், அதே குழந்தை சில மணி நேரத்தில் தேறிவிடுகிறது. பிள்ளை பெற்றவருக்குப் பத்தியம் வைக்கும் வழக்கம் தமிழ் வீடுகளிலும் உண்டு. அந்த நாள்களில் எதை விலக்கினாலும், புழுங்கல் அரிசிச் சோற்றையும் பருப்பையும் விலக்காதிருப்பது தாய்க்கும் சேய்க்கும் பாதுகாப்பு.