கான்பூர் குப்பையில் கிடைத்த குண்டுவீச்சு விமானங்கள்

பழைய விமானங்களின் ரசிகர்கள் ஸ்பிட்ஃபயரில் பேச்சைத் தொடங்கி ஸ்பிட்ஃபயரிலேயே முடிப்பார்கள். என் ஓட்டு லிபரேட்டருக்கு. நான்கு எஞ்சின், பெட்டி போன்ற உடம்பு. அழகி என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கா தயாரித்த பி-24 லிபரேட்டர்கள் 18,000க்கும் அதிகம். பிரிட்டிஷ் விமானப் படை இங்கே பயன்படுத்தியவை, போர் முடிந்ததும் கான்பூரில் குவிக்கப்பட்டன. இனி யாரும் ஓட்டக்கூடாது என்று, போகிறபோது சேதப்படுத்திவிட்டே போனார்கள்.

1948இல் இந்திய விமானப் படைக்குக் கனரக குண்டுவீச்சு விமானம் தேவைப்பட்டது. கையில் பணம் இல்லை. கான்பூர் குப்பை இருந்தது. இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிலாளர்கள் ஒன்றின் பாகத்தை இன்னொன்றில் பொருத்தி, பறக்கும் அளவுக்கு ஒப்பேற்றினார்கள். நிறுவனத்தின் சோதனை விமானி ஜிம்மி முன்ஷி அவற்றை சுமார் 1,500 கி.மீ. தள்ளியிருக்கும் பெங்களூருக்கு ஓட்டி வந்தார். எந்த ரிவெட் எப்போது விட்டுப்போகும் என்று தெரியாத பயணம்! போர்க்களச் சாகசங்களைவிட எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. பெங்களூரில் முழுதாகப் பழுது பார்த்த பிறகு 40க்கும் மேற்பட்டவை படையில் சேர்ந்தன.

1968இல் அவை ஓய்வு பெற்றபோது, மற்ற நாடுகள் தம்முடையவற்றை எப்போதோ உருக்கிவிட்டிருந்தன. கனடா, அமெரிக்கா, பிரிட்டன் அருங்காட்சியகங்கள் இங்கே வந்து கேட்டன. அரிசோனாவுக்கு 1969இலும் பிரிட்டனுக்கு 1974இலும் போனவை, பறந்தே போய்ச் சேர்ந்தன. இன்னொன்றை அமெரிக்கர்கள் புதுப்பித்து 1989இல் மறுபடி பறக்கவிட்டார்கள்.

நமக்கென்று டில்லி பாலம் விமானப் படை அருங்காட்சியகத்தில் ஒன்று நிற்கிறது. அது பறப்பதில்லை.