அப்பா மரத்துக்கு வந்த விருந்தாளி

“உங்கப்பா வச்ச மரத்தை மொட்டையடிச்சிடுச்சிம்மா. நாளைக்கு ஆள் கூப்பிட்டு மருந்து அடிக்கப் போறேன்.”

காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு வெளியே வந்தபோது அம்மாவிடமிருந்து இப்படி ஒரு குரல் பதிவு. தைப்பிங் வீட்டு வாசலில் நிற்கும் டுரியான் பெலாண்டா மரத்தைத்தான் சொல்கிறார். தமிழில் முள் சீத்தா. அப்பா நட்டது. அவர் தவறி மூன்று வருடமாகிறது. அந்த மரத்தில் ஒரு கிளை ஒடிந்தாலும் அம்மாவுக்கு மனசு கேட்காது.

“சனிக்கிழமை வந்துடறேன், அதுவரைக்கும் பொறுங்கம்மா. இப்போ ஒரு படம் மட்டும் அனுப்புங்க” என்றேன்.

படத்தைப் பார்த்ததும் எனக்கே கொஞ்சம் உடம்பு கூசியது. கட்டை விரல் தடிமனில் வெளிர்பச்சைப் புழு. மேலெல்லாம் மாவு தூவியதுபோல் வெள்ளைப் பொடி. முதுகில் வரிசையாக மெத்தென்ற முட்கள். பின்பக்கம் செம்மஞ்சளாக ஒரு திட்டு. ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் படத்தை ஏற்றினேன். ‘அட்லஸ் அந்துப்பூச்சி’ என்று காட்டியது. செயலி சொன்னதை அப்படியே நம்பிவிடாமல் ஒவ்வோர் அடையாளமாக ஒப்பிட்டுப் பார்த்தேன். எல்லாம் பொருந்தின.

உலகின் மிகப் பெரிய அந்துப்பூச்சிகளில் ஒன்று இது. சிறகை விரித்தால் 24 சென்டிமீட்டர் வரை இருக்கும். அறிவியல் உலகில் 1758-ஆம் ஆண்டிலேயே லின்னேயஸ் இதற்குப் பெயர் வைத்துவிட்டார். காட்டுப் பூச்சிதான் என்றாலும் கொய்யா, ரம்புத்தான், முள் சீத்தா என்று நம் வீட்டு மரங்களையும் தேடி வரும்.

சனிக்கிழமை மரத்தில் எண்ணிப் பார்த்தோம். ஆறு புழுக்கள். அக்கா மகன் குச்சியால் ஒன்றைச் சீண்டப் போனான். தடுத்தேன். கம்பளிப்பூச்சிபோல் இதற்கு அரிக்கும் முடி கிடையாது. ஆனால் தொல்லை கொடுத்தால் நாற்றமடிக்கும் திரவத்தைப் பீய்ச்சும். எறும்பும் பல்லியும் கிட்டே வராமலிருக்க அதுதான் அதன் ஆயுதம்.

“இதுங்க முழு வளர்ச்சிக்கு வந்துடுச்சிம்மா. இன்னும் கொஞ்ச நாள்ல தானே நிறுத்திடும்” என்றேன்.

அம்மா மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஒரு வாரம். அதுக்கு மேல முடியாது.”

அந்தப் புழுவின் கதையைப் பின்னோக்கிப் பார்ப்போம். தாய்ப்பூச்சி இலையின் அடிப்பக்கத்தில் இடும் முட்டை, கடுகைவிடச் சற்றுப் பெரியது. இரண்டு வாரத்துக்குள் பொரிந்துவிடும். அதன்பிறகு ஒரு மாதத்துக்கும் மேல் புழுவுக்கு ஒரே வேலை, தின்பது. வளர வளரத் தோலை உரித்துக்கொண்டு, பத்து சென்டிமீட்டருக்கும் மேல் நீளும். பறவை, எறும்பு, ஒட்டுண்ணிக் குளவி என்று எல்லாவற்றிடமும் தப்பினால்தான் அடுத்த கட்டம்.

அந்த வாரக் கடைசியில் மரத்தில் இரண்டு கூடுகள் மட்டும் தெரிந்தன. மற்றவை என்னவாயின என்று தெரியவில்லை. இலையைச் சுருட்டி, பழுப்புப் பட்டு நூலால் கட்டி, கீழே விழாமலிருக்கக் காம்போடு சேர்த்துக் கிளையிலும் இழுத்துப் பிணைத்திருந்தது. பார்ப்பதற்குக் காய்ந்த இலைதான். தோட்டம் கூட்டும்போது குப்பையோடு போவது இப்படித்தான்.

ஏறக்குறைய நான்கு வாரம் கழித்து, ஒரு காலையில் அம்மாவின் வீடியோ அழைப்பு. கூட்டின் மேல் செம்பழுப்பு நிறத்தில் ஒரு பூச்சி, சிறகு காயத் தொங்கிக்கொண்டிருந்தது.

“சிறகு ஓரத்துல பாம்புத் தலை மாதிரி இருக்கும்மா!”

அதுதான் முதல் அடையாளம். இரண்டாவது, சிறகுகளில் கண்ணாடி ஜன்னல்போல் ஒளி ஊடுருவும் முக்கோணங்கள். அடுக்குமாடி விளக்கைச் சுற்றும் இன்னொரு பெரிய பூச்சியோடு பலர் இதைக் குழப்பிக்கொள்வதுண்டு. பழுப்புச் சிறகில் ஒரு வெள்ளைக் கோடும் பின்னால் வாலும் இருந்தால் அது லிஸ்ஸா ஸாம்பா, அட்லஸ் அல்ல.

“பசிக்குமே, சீனித் தண்ணி வைக்கட்டுமா?” என்றார் அம்மா.

“வேணாம்மா. அதுக்குச் சாப்பிட வாயே கிடையாது.”

மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அட்லஸ் பூச்சியின் வாய் இயங்காது. ஒன்று, இரண்டு வாரம் உயிரோடிருக்கும். புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்புதான் அதன் மொத்தச் சாப்பாடும். அதற்குள் துணை தேடி, முட்டையிட்டாக வேண்டும்.

“அப்போ, இதுக்குத்தான் மரத்தையே தின்னுச்சா?”

நான் பக்கம் பக்கமாகப் படித்ததை அம்மா ஒரே வரியில் பிடித்துவிட்டார்.

வந்தது பெண் பூச்சி. பெரிய உடம்பு, மெல்லிய உணர்கொம்பு. ஆணுக்கு அது இறகுபோல் அகலமாக இருக்கும். பெண் கூட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து இரவில் வாசனையைப் பரப்பும். தொலைவிலிருந்தே ஆண் அதைப் பிடித்துக்கொண்டு வரும். வானொலிக்காரி எனக்கு இது நன்றாகவே புரிகிறது. ஒலிபரப்புவது ஒருவர், ஆன்டெனா வைத்திருப்பது இன்னொருவர். இரவெல்லாம் வாசல் விளக்கு எரிந்தால் பூச்சி அதையே சுற்றித் தவித்து, இருக்கும் சில நாளையும் வீணாக்கிவிடும்.

உங்கள் வீட்டு மரத்திலும் இப்படிப் புழு தெரிந்தால், மருந்து டப்பாவை எடுக்குமுன் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். மரம் சின்னக் கன்றாக இருந்தால் புழுவைக் கிளையோடு வெட்டி, அதே வகைப் பெரிய மரத்துக்கு மாற்றிவிடலாம்.

எங்கள் முள் சீத்தா மறுபடி துளிர்த்துவிட்டது. போன வாரம் ஊருக்குப் போனபோது, ராத்திரி வாசல் விளக்கைப் போடக் கை வைத்தேன். உள்ளிருந்து அம்மா குரல்: “போடாதம்மா, இன்னொரு கூடு இருக்குல்ல.”