திருவண்ணாமலை அணைந்த எரிமலையா?

விடுமுறை நாளில் பிள்ளைகளோடு திருவண்ணாமலை, செஞ்சி, சாத்தனூர் அணை என்று ஒரே நாளில் சுற்றி வரும் குடும்பங்கள் நம்மில் நிறைய. ஊரை நெருங்கி மலை கண்ணில் பட்டதும் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "இது அணைந்துபோன எரிமலை." பஞ்சபூதத் தலங்களில் நெருப்புக்குரியதாக இவ்வூரை இந்து சகோதரர்கள் கருதுவது அவர்களின் நம்பிக்கை, அதில் நாம் பேச ஒன்றுமில்லை. எரிமலையா என்பது நிலவியல் கேள்வி. இல்லை என்பதே அதற்கு விடை.

எரிமலை நிலம் எப்படி இருக்கும் என்பதை உம்ரா சென்று வந்தவர்கள் நேரில் பார்த்திருக்கிறார்கள். மதீனாவைச் சுற்றி, தீயில் வெந்ததுபோல் கறுத்துக் கிடக்கும் கற்களை நினைத்துப் பாருங்கள். அரபியர் 'ஹர்ரா' என்று சொல்லும் அந்த நிலம், எரிமலைக் குழம்பு ஓடி உறைந்தது. ஹிஜ்ரி 654இல், அதாவது கி.பி. 1256இல், மதீனாவுக்குத் தென்கிழக்கே நிலம் பிளந்து ஐம்பது நாட்களுக்கு மேல் குழம்பு வழிந்தது. 20 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, நகரை எட்டாமல் நின்றுவிட்டது. அங்குள்ள கல் பல இடங்களில் ரொட்டித் துண்டுபோல ஓட்டை ஓட்டையாக இருக்கும். உறையும் முன் அதிலிருந்து வாயு வெளியேறிய தடம் அது.

திருவண்ணாமலைப் பாறையில் அந்த ஓட்டைகளைத் தேடினாலும் கிடைக்காது. இந்தப் பகுதியில் பெரும்பாலும் இருப்பது சார்னோக்கைட் என்ற கருங்கல் வகை. சென்னைக்காரர்களுக்குப் பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் பழகிய கல்தான். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக் கல் இவ்வகை என்று கண்ட தாமஸ் ஹாலண்ட், 1893இல் அவர் பெயரையே அதற்கு வைத்தார். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானது. மேலே கிடந்ததெல்லாம் காலப்போக்கில் அரித்துப் போனதால் இன்று மலையாக வெளியே நிற்கிறது.

செஞ்சிக் கோட்டையில் அடுக்கி வைத்ததுபோல் குவிந்திருக்கும் உருண்டைப் பாறைகளும் எரிமலை கக்கியவை அல்ல. விரிசல்களில் மழைநீர் புகுந்து, முனைகள் உதிர்ந்து உதிர்ந்து உருண்டையானவை. (கோட்டைக்குள் சஆதத்துல்லாகான் பள்ளிவாசல் இருக்கிறது, பார்க்காமல் திரும்பாதீர்கள்.)

எரிமலை இல்லை என்றால் ஆபத்தும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. இங்கே பயப்பட வேண்டியது மழைக்குத்தான். 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் இம்மலைச் சரிவு பெயர்ந்து வ.உ.சி. நகரில் ஒரு வீடு புதைந்தது. 7 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 5 பேர் பிள்ளைகள். பாறையின் மேல் படிந்திருக்கும் மண் நீரை உறிஞ்சிக் கனத்துவிட்டால், பிடிமானமின்றி வழுக்கும். இடையில் கிடக்கும் உருண்டைக் கற்களையும் இழுத்துக்கொண்டு வரும். அதே மழையில் சாத்தனூர் அணையில் இரவில் திறக்கப்பட்ட நீரால் தென்பெண்ணைக் கரை ஊர்கள் வெள்ளத்தில் தவித்தன.

ஐப்பசி, கார்த்திகையில் போவதாக இருந்தால் வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். தொடர்மழை பெய்திருந்தால் மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்திச் சாப்பாட்டை விரிக்க வேண்டாம். பாறை பார்க்க தை, மாசி நல்ல மாதங்கள். வெயிலும் அவ்வளவாக இருக்காது.