பூனைக்குக் காய்ச்சல் மாத்திரை கொடுக்கலாமா?

பெங்களூரில் காய்ச்சல் மாத்திரை என்றாலே பலருக்கும் டோலோ 650தான். அதைத் தயாரிக்கும் மைக்ரோ லேப்ஸும் இந்த ஊர் நிறுவனமே. மாத்திரையில் இருப்பது பாராசிட்டமால், 650 மில்லிகிராம். 65 கிலோ எடையுள்ள ஒருவர் விழுங்கினால் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வருகிறது. அது தன் வேலையை முடித்ததும் கல்லீரல் அதை உருமாற்றிச் சிறுநீர் வழியே வெளியேற்றிவிடும்.

அதே மாத்திரையை 4 கிலோ பூனைக்குக் கொடுத்தால் கிலோவுக்கு 160 மில்லிகிராமைத் தாண்டிவிடும். "கால் மாத்திரைதானே, சின்ன உடம்புக்கு அது போதும்" என்று உடைத்துப் பாலில் கலந்து கொடுப்பவர்கள் உண்டு. கால் மாத்திரையே கிலோவுக்கு 40 மில்லிகிராம். பூனைகளுக்கு 10 மில்லிகிராமிலேயே நச்சு அறிகுறிகள் தெரிந்திருக்கின்றன. அளவைக் குறைத்தால் சரியாகிவிடும் என்பதே தப்புக் கணக்கு. இந்த மருந்தை ரத்தத்திலிருந்து அகற்ற நம் கல்லீரலில் இருக்கும் முக்கியமான ஒரு என்சைம் பூனையிடம் வேலை செய்வதே இல்லை.

கல்லீரலுக்குள் என்ன நடக்கிறது?

வளர்ந்த மனிதரின் கல்லீரலுக்குள் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் ரத்தம் பாய்கிறது. அதில் முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியாகக் குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வருவது. தின்றதன் சத்து, தின்றதோடு வந்த நஞ்சு, குடலிலிருந்து கசிந்த பாக்டீரியா எல்லாம் உடலின் மற்ற பகுதிகளுக்குப் போகும் முன் முதலில் இங்கேதான் வந்து சேர்கின்றன. பாலூட்டிகள் எல்லாவற்றிலும் அமைப்பு இதுதான்.

கல்லீரலை வாட்டர் ஃபில்டர் மாதிரி நினைத்துக்கொள்வதால்தான் குழப்பம் தொடங்குகிறது. ஃபில்டரில் அழுக்கு தங்கும். அவ்வப்போது கழுவ வேண்டும். கல்லீரல் அப்படித் தேக்கி வைப்பதில்லை, பெரும்பாலான கழிவை உடைத்தோ உருமாற்றியோ அனுப்பிவிடுகிறது. காலை நடைக்கு லால்பாக் போகிறவர்கள் வாசலில் வாங்கிக் குடிக்கும் பாகற்காய்ச் சாறு உடம்புக்கு நல்லதாகவே இருக்கட்டும். ஆனால் அது "லிவரைக் கழுவுகிறது" என்று சொன்னால், கழுவுவதற்கு அங்கே அழுக்கு மூட்டை எதுவும் இல்லை என்பதுதான் பதில்.

இந்த வேலையில் மூன்று வகைச் செல்கள் முக்கியமானவை. கல்லீரலின் நுண்ணிய ரத்த நாளங்களின் உட்சுவராக அமைந்திருப்பவை முதல் வகை. மிக மெல்லிய இந்தச் செல்களில் ஏராளமான துளைகள் உண்டு. ஒரு துளையின் அகலம் 50 முதல் 200 நானோமீட்டர் வரை. ரத்தத்தின் திரவப் பகுதி துளை வழியே உள்ளே போகும், ரத்த அணுக்கள் போகா. வெறும் சுவராக நின்றுவிடாமல், ரத்தத்தில் கரைந்து வரும் ஹயலுரோனிக் அமிலம், சிதைந்த கொலாஜென் துண்டுகள் போன்ற உடலின் சொந்தக் கழிவுகளை இவை விழுங்கிச் செரித்துவிடுகின்றன.

இரண்டாவது வகை குப்ஃபர் செல்கள். ஜெர்மன் அறிஞர் கார்ல் வில்ஹெல்ம் வான் குப்ஃபரின் நினைவாக அந்தப் பெயர். பாக்டீரியா, ஆயுள் முடிந்த சிவப்பணு போன்ற பெரிய துகள்கள் இவற்றின் பங்கு. மூன்றாவது, கல்லீரல் எடையில் பெரும்பகுதியான ஹெபடோசைட்டுகள். அம்மோனியாவை யூரியாவாக்குவதும், பிலிருபினைப் பித்தநீரில் சேர்ப்பதும், மருந்துகளை உருமாற்றுவதும் இவைதான்.

மீன்களின் கதை வேறு. கரைந்த கழிவை விழுங்கும் அந்த முதல் வகைச் செல்கள் நிலத்தில் வாழும் முதுகெலும்பிகளுக்குக் கல்லீரலில் இருக்கின்றன. காட் மீனுக்கு இதயத்திலும், கெண்டைக்குச் சிறுநீரகத்திலும், சுறாவுக்குச் செவுளிலும் இருக்கின்றன.

பூனையிடம் இல்லாதது

பாராசிட்டமால் நம் உடலில் நுழைந்ததும் ஹெபடோசைட்டுகள் அதனுடன் குளுகுரோனிக் அமிலத்தை ஒட்டவைக்கின்றன. ஒட்டியதும் அது நீரில் எளிதாகக் கரைந்து சிறுநீரில் போய்விடும். இந்த ஒட்டுவேலைக்கான என்சைம்களில் ஒன்றை உருவாக்கும் மரபணு, பூனைக் குடும்பத்தில் செயலற்றுக் கிடக்கிறது. வீட்டுப் பூனைக்கு மட்டுமல்ல, பன்னேர்கட்டா பூங்காவின் புலிக்கும் சிங்கத்துக்கும் இதே நிலைதான். பழுப்புக் கழுதைப்புலியிடமும் யானைச் சீல் ஒன்றிடமும் இதே குறையைக் கண்டிருக்கிறார்கள். இறைச்சியை மட்டுமே தின்று வாழும் விலங்குக்குத் தாவரங்களின் வேதிப்பொருள்களை முறிக்கும் தேவை குறைவு. அதனால் அந்த மரபணு பழுதானபோதும் இழப்பு தெரியவில்லை என்பது ஆய்வாளர்களின் விளக்கம். எனக்கு இது நம்பும்படியாகவே இருக்கிறது.

அந்த வழி அடைபட்டிருப்பதால் பூனையின் உடலில் மருந்து தங்கி, நச்சுப் பொருள்களாக மாறுகிறது. அவற்றை முறிக்கும் குளுட்டாதயோன் தீர்ந்ததும் முதல் அடி சிவப்பணுக்களுக்கு. ஹீமோகுளோபினால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகிறது. ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும், முகமும் பாதங்களும் வீங்கும், மூச்சு வாங்கும். நாய்க்கு அந்த என்சைம் உண்டு. ஆனாலும் அளவு மீறினால் கல்லீரல் கெடும். மனிதருக்கும் அப்படித்தான். வளர்ந்தவருக்கு ஒரு நாளின் உச்ச அளவு 4 கிராம். மது அருந்துபவருக்கும் கல்லீரல் நோயாளிக்கும் அதைவிடக் குறைவு.

நாயிலும் இனத்துக்கு இனம் வேறுபாடு உண்டு. டால்மேஷனின் கல்லீரலில் யூரிக் அமிலத்தை மாற்றும் என்சைம் இருக்கிறது. ஆனால் யூரிக் அமிலத்தைச் செல்லுக்குள் கொண்டுபோகும் புரதம் பழுது. அதனால் அது சிறுநீரில் மிகுந்து கல்லாகும்.

ரத்தம் கல்லீரலைச் சுற்றிக்கொண்டு போனால்

யார்க்‌ஷயர் டெரியர், மால்டீஸ் போன்ற சிறிய இன நாய்க்குட்டிகள் சிலவற்றுக்குப் பிறவியிலேயே குடலின் ரத்தம் கல்லீரலுக்குள் போகாமல் குறுக்கு வழியாகப் பெருநாளத்தில் கலந்துவிடும். குட்டி வளராது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் தள்ளாடும், எச்சில் ஒழுகும், சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்கும். யூரியாவாக மாறாத அம்மோனியா மூளைக்குப் போவதன் விளைவு இது. வலிப்பு என்றோ, குட்டிக்குப் பிடிவாதம் என்றோ வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ரத்தத்தில் பித்த அமிலங்களின் அளவைப் பார்த்தால் சந்தேகம் பெரும்பாலும் தெளிந்துவிடும். உணவுமுறை, மருந்து, தேவையானால் அறுவை என்று வழிகள் உண்டு.

ராமநகராவின் பாறுகள்

பெங்களூரிலிருந்து மைசூர் சாலையில் சுமார் 50 கிலோமீட்டர் போனால் ராமநகரா. 'ஷோலே' படத்தின் பாறைகள் என்றால் எல்லோருக்கும் தெரியும். அங்குள்ள ராமதேவரபெட்டாவைக் கர்நாடக அரசு 2012-இல் பாறுகள் எனும் பிணந்தின்னிக் கழுகுகளுக்கான சரணாலயமாக அறிவித்தது. அப்படி ஒரு காப்பிடம் தேவைப்படும் அளவுக்குப் பாறுகள் அருகிப்போனதற்கு முதன்மைக் காரணம் டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து. அது செலுத்தப்பட்டு இறந்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகம் நின்றுபோனது. பறவைகளின் கல்லீரல் நைட்ரஜன் கழிவை யூரியாவாக அல்ல, யூரிக் அமிலமாக மாற்றுகிறது. சிறுநீரகம் நின்ற பிறகும் கல்லீரல் அதை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். உள்ளுறுப்புகள் மேல் வெள்ளைப் படிகமாக அது படிந்து, பறவை சில நாளில் செத்துவிடும். வெண்முதுகுப் பாறுகள் 1990-களிலிருந்து இந்தியாவில் 99 விழுக்காட்டுக்கு மேல் அழிந்தன.

கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் தரக் கூடாது என 2006-இல் தடை வந்தது. அதற்கு மாற்றாக வந்தவற்றில் ஒன்றான அசெக்ளோஃபெனாக், மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடுகிறது. பெயரை மாற்றிக்கொண்டு அதே நஞ்சு மறுபடி பாறுக்குப் போனது. 2023-இல் அதையும் கீட்டோபுரோஃபென் என்ற இன்னொரு வலி மருந்தையும் சேர்த்துத் தடை செய்தார்கள். பாறுகளுக்குத் தீங்கில்லாத மெலாக்சிகாம் நம்மிடம் பல ஆண்டுகளாக இருந்தும் இவ்வளவு தாமதம்.

ஓர் உயிர் தாங்கும் மருந்து இன்னோர் உயிருக்கு நஞ்சாகலாம் என்பதால், விலங்கின் கல்லீரலை வைத்து மனிதக் கல்லீரலைக் கணிப்பதிலும் தொல்லை உண்டு. பெங்களூரின் பண்டோரம் டெக்னாலஜீஸ் 2015-இல் முப்பரிமாண அச்சு முறையில் மனிதக் கல்லீரல் திசுவை உருவாக்கியதாக அறிவித்தபோது, அதன் முதல் பயனாகச் சொல்லப்பட்டது மருந்துச் சோதனைதான்.

வீட்டில் பிராணி வளர்ப்பவர்களுக்கு

நாய்க்கான உண்ணிச் சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைமேல் விடாதீர்கள். பூனையின் கல்லீரல் அதையும் எளிதில் அகற்றாது. சர்க்கரை இல்லாத சூயிங்கம்மில் சைலிட்டால் இருக்கலாம். நாய் அதைத் தின்றால் ரத்தச் சர்க்கரை சரியும், கல்லீரலும் செயலிழக்கலாம். குண்டான பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தால், கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும். "பசித்தால் தானே தின்னும்" என்று விட்டுவிட வேண்டாம். மழைக்காலத்தில் தேங்கிய நீரால் பரவும் எலிக்காய்ச்சலும் நாயின் கல்லீரலைத் தாக்கும். அதற்குத் தடுப்பூசி உண்டு. கண்ணின் வெண்மை, ஈறு, காதின் உட்புறம் மஞ்சளாகத் தெரிந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

பூனை பாராசிட்டமால் விழுங்கிவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மாத்திரை அட்டையையும் எத்தனை மணிக்கு விழுங்கியது என்ற விவரத்தையும் எடுத்துக்கொண்டு, பக்கத்திலுள்ள கால்நடை மருத்துவரிடமோ ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ உடனே போங்கள். மனிதருக்குக் கொடுக்கும் அசிட்டைல்சிஸ்டீன்தான் பூனைக்கும் முறிமருந்து. தீர்ந்துபோன குளுட்டாதயோனை அது மீண்டும் உருவாக்க உதவும். விழுங்கிய சில மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம்.